ட்ரைபாட் இல்லாம நிலாவை எடுக்கலாம்! இது ராத்திரி போட்டோவே இல்லை

[திரையில்: கறுப்பு வானம், நடுவுல வெளுத்துப்போன ஒரு வெள்ளை வட்டம்]

இது நிலா. உங்க போன் கேலரியிலயும் இப்படி ஒண்ணு கண்டிப்பா இருக்கும். கேமராவைத் திட்டாதீங்க. நீங்க எடுக்கறது ராத்திரி போட்டோ இல்லை, பட்டப்பகல்ல வெயில்ல கிடக்கற ஒரு பெரிய கல்லு. இது மட்டும் மனசுல பதிஞ்சா போதும், கையில பிடிச்சே நிலாவை எடுத்துடலாம்.

வணக்கம் மக்களே! கணக்கைச் சீக்கிரம் முடிச்சுடறேன். நிலா சராசரியா 3,84,400 கிலோமீட்டர் தூரத்துல இருக்கு. வானத்துல அதோட அகலம் அரை டிகிரிதான். தூரத்துல இருக்கறதைப் பெருசாக்கற 300 எம்எம் லென்ஸ் போட்டாலும், சென்சார்ல, அதாவது கேமராவுக்குள்ள படம் பதியற சில்லுல, விழற நிலா 3 மில்லிமீட்டர்கூட வராது. அதனால எடுத்தப்புறம் நிலாவை மட்டும் வெட்டி, கிராப் பண்ணித்தான் ஆகணும்.

இப்போ வெளிச்சம். கேமரா முழு ஃப்ரேமையும் பார்க்குது. எங்கே பார்த்தாலும் இருட்டு. உடனே ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வெச்சுடுது. நிலா வெளுத்துப் போகுது. ஆனா அங்கே விழறது நம்ம தலையில விழற அதே வெயில்தான். சூரியன்ல இருந்து ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே தூரம். இன்னொண்ணு சொல்றேன், நம்ப மாட்டீங்க: நிலா வெள்ளையே இல்லை. மேல விழற வெளிச்சத்துல சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புது. தேஞ்சுபோன பழைய தார் ரோடு மாதிரி ஒரு நிறம். சுத்தி இருட்டா இருக்கறதாலதான் நம்ம கண்ணுக்கு வெள்ளி மாதிரி ஜொலிக்குது.

அதனால மேகமில்லாத வானத்துல உசரத்துல நிக்கற பௌர்ணமி நிலாவுக்கு ஒரு நம்பரை மனப்பாடம் பண்ணிக்கலாம். அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு, நம்பர் கூடினா திறப்பு சின்னது) எஃப் 11, ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டற உணர்திறன்) 100, ஷட்டர் 1/100 செகண்ட். கையில பிடிக்க இது மெதுவு. ஐஎஸ்ஓ 400, எஃப் 8 வெச்சா ஷட்டர் 1/800 ஆயிடும். கை நடுக்கம் பெருசா தெரியாது.

மனப்பாடம்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு கதை இருக்கு. எனக்கு அலுக்கவே அலுக்காத கதை.

[திரையில்: நியூ மெக்சிகோ வரைபடம், ஹெர்னாண்டஸ்]

1941. அமெரிக்காவுல நியூ மெக்சிகோ. ஆன்சல் ஆடம்ஸ்ங்கற பிரபல போட்டோகிராபர் கார்ல வந்துட்டிருக்கார். ஹெர்னாண்டஸ்ங்கற சின்ன ஊர். தூரத்துல பனிமலை, அதுக்கு மேல இன்னும் முழுசாகாத நிலா. கல்லறைத் தோட்டத்துல இருக்கற வெள்ளைச் சிலுவைங்க மேல கடைசி வெயில். வண்டியை ஓரங்கட்டி, 8க்கு 10 அங்குல ஃபிலிம் போடற பெரிய கேமராவை நிறுத்தறார். வெளிச்சம் அளக்கற மீட்டரைத் தேடறார். காணோம்! சூரியனோ இப்பவோ அப்பவோன்னு இருக்கு. அப்போ அவருக்கு ஞாபகம் வருது: நிலாவோட பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் (வெளிச்சத்தை அளக்கற ஒரு அளவு). அதை வெச்சு மனக்கணக்கு போட்டு, எஃப் 32, ஒரு செகண்ட். க்ளிக்! இன்னொண்ணு எடுக்கலாம்னு ஃபிலிம் ஹோல்டரைத் திருப்பறார், அதுக்குள்ள சிலுவை மேல இருந்த வெயில் போயிடுச்சு. அந்தக் காட்சிக்கு இருக்கறது ஒரே ஒரு நெகடிவ்.

இன்னும் முடியலை. எந்த நாள்ல எடுத்தோம்னே ஆடம்ஸ் குறிச்சு வைக்கலை. ரொம்ப வருஷம் கழிச்சு, படத்துல நிலா நிக்கற இடத்தை வெச்சே கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சாங்க: நவம்பர் 1, சாயங்காலம் 4:49. நிலா அவருக்கு மீட்டராவும் இருந்துச்சு, காலண்டராவும் இருந்துச்சு, கடிகாரமாவும் இருந்துச்சு. வீடியோவை ஒரு நிமிஷம் நிறுத்திட்டு அந்தப் படத்தைத் தேடிப் பார்த்துட்டு வாங்க.

ஆடம்ஸ் கேமரா ஸ்டாண்டுல நின்னுச்சு. கையில பிடிச்சதுக்கு உதாரணம் வேணுமா? 1968 டிசம்பர் 24. அப்போலோ 8 விண்கலம் நிலாவைச் சுத்திட்டிருக்கு. அதுல இருந்த விண்வெளி வீரர் பில் ஆண்டர்ஸ் 250 எம்எம் லென்ஸ் போட்ட ஹாசல்பிளாட் கேமராவைக் கையில பிடிச்சு, நிலா விளிம்புக்கு மேல பூமி எழும்பறதை எடுக்கறார். எஃப் 11, 1/250. அங்கேயும் பகல்வெயில் செட்டிங்தான்!

நம்ம மொட்டை மாடிக்கு வருவோம். தண்ணித் தொட்டிச் சுவர்ல முதுகைச் சாய்ச்சுக்கோங்க. ரெண்டு முழங்கையும் விலாவுல ஒட்டணும், இடது கை லென்ஸைக் கீழே இருந்து தாங்கணும். பாதி மூச்சை விட்டுட்டு, ஷட்டரை அழுத்தாம மெதுவா உருட்டி இறக்குங்க. ஃபோகஸ் புள்ளியை நிலா நடுவுல வைக்காதீங்க, விளிம்புல வைங்க. இருட்டும் வெளிச்சமும் சந்திக்கற கோட்டைத்தான் ஆட்டோஃபோகஸ் சட்டுனு பிடிக்கும். பர்ஸ்ட்ல, அதாவது தொடர்ச்சியா படபடன்னு, பத்துப் பன்னெண்டு எடுத்தா, ஒண்ணு ரெண்டு கண்ணாடி மாதிரி தெளிவா விழும். போன்ல எடுக்கறவங்க நிலாவை அழுத்திப் பிடிச்சு லாக் பண்ணிட்டு, பிரகாசத்தைக் கீழே இழுங்க.

கடைசியா, பௌர்ணமிக்காகக் காத்திருக்காதீங்க. அன்னிக்கு வெயில் நேரா அடிக்கறதால நிழலே இருக்காது, படம் தட்டையா வரும். என்னைக் கேட்டா வளர்பிறை அஷ்டமிதான் நிலா எடுக்கற நாள். வெளிச்சமும் இருட்டும் பிரியற கோட்டோரம் ஒவ்வொரு பள்ளத்துலயும் நிழல் விழும். தெற்குப் பக்கம் கிளேவியஸ்னு ஒரு பள்ளம், 200 கிலோமீட்டருக்கும் மேல அகலம், அஷ்டமிக்கு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு உங்க 300 எம்எம்லயே தெரியும். பாதி நிலாவுக்கு வெளிச்சம் கம்மி, அதனால 1/800-ஐ 1/200 ஆக்கணும். கை ஆடினா ஐஎஸ்ஓவை 1600க்கு ஏத்திட்டு 1/800-லயே இருங்க. அஷ்டமி அன்னிக்குச் சூரியன் மறையும்போதே நிலா உச்சிக்குப் பக்கத்துல வந்து நிக்கும், ராத்திரி முழிக்கவும் வேண்டாம். எடுத்த படத்தோட லென்ஸ், ஷட்டர், ஐஎஸ்ஓ மூணையும் கமெண்ட்ல போடுங்க. கிளேவியஸ் தெரியற படங்களை அடுத்த வீடியோவுல திரையில போட்டுப் பேசலாம்.