வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாதவை

அனைவருக்கும் வணக்கம்.

நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிற சில சாதாரணப் பொருள்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பல்பு, வாணலி, துணி துவைக்கும் இயந்திரம், சட்டை, காதில் செருகிக்கொள்ளும் இயர்பட்ஸ். இவற்றை ஏன் ஆசை ஆசையாய் வாங்குகிறோம், வாங்கிய பிறகு ஏன் அலுத்துக்கொள்கிறோம் என்பதுதான் பேச்சு.

எதையும் வாங்காதீர்கள் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. குனிந்து நிமிர்ந்து துணி அடித்துத் துவைத்தவர்களின் முதுகுவலியை ஒரு இயந்திரம் வாங்கிக்கொண்டது. படிக்கிற பிள்ளைக்கு இரவில் நல்ல வெளிச்சம் கிடைக்கிறது. இவையெல்லாம் உண்மையான நன்மைகள். அவற்றை எள்ளி நகையாட எனக்கு மனம் வராது. என் வருத்தம் வேறு. ஒரு பொருளின் கவர்ச்சி, நாம் அதை வாங்குகிற அந்தச் சில நிமிடங்களுக்காகச் செய்யப்படுகிறது. அதன் குறையோ, அதோடு நாம் குடும்பம் நடத்துகிற வருடங்களில்தான் தலைகாட்டுகிறது. இந்த இடைவெளியில்தான் நம் பணம் போகிறது, பூமியில் குப்பையும் சேர்கிறது.

பொருளாதார அறிஞர் பிலிப் நெல்சன் 1970-ல் பொருள்களின் குணங்களை இரண்டாகப் பிரித்தார். பார்த்தே தெரிந்துகொள்ளக் கூடியவை ஒரு வகை: நிறம், அளவு, வடிவம். பயன்படுத்திய பிறகே தெரிபவை இன்னொரு வகை: உழைப்பு, சௌகரியம், சத்தம், பழுதாகும் வேகம். மூன்று வருடம் கழித்து, 1973-ல், டார்பி, கார்னி என்ற இருவர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பயன்படுத்தி முடித்த பிறகும் நமக்குத் தெரியவே வராத குணங்கள். இந்தப் பல்பொடி உண்மையிலேயே என் பல்லைக் காப்பாற்றியதா? பொடி போடாத இன்னொரு வாய் எனக்கு இல்லையே, ஒப்பிட்டுப் பார்க்க!

இப்போது எந்தக் கடையை வேண்டுமானாலும் நினைத்துப் பாருங்கள். விளக்கு, கண்ணாடி அலமாரி, பளபளக்கும் பெட்டி, எல்லாம் முதல் வகைக் குணங்களுக்காகவே அமைந்தவை. நம்மைப் பின்னால் வாட்டப்போகிற குணங்களில் அநேகம் இரண்டாம் வகை, மூன்றாம் வகை. அவற்றைக் காட்டக் கடையில் இடமே இல்லை.

வாசனைத் திரவியத்தை எடுத்துக்கொள்வோம். செய்பவர்கள் அதை மூன்று அடுக்காகக் கட்டுகிறார்கள். மேல் அடுக்கில் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் போன்ற லேசான மணங்கள். தெளித்ததும் மூக்கில் ஏறுபவை இவைதான். ஆனால் அவை ஆவியாகும் வேகம் அதிகம். கால்மணி நேரத்தில் பெரும்பாலும் போய்விடும். பிறகு பூ மணங்கள் வரும். கடைசியில் மரம், பிசின், கஸ்தூரி போன்ற கனத்த மணங்கள் மணிக்கணக்கில் தோலில் தங்கும். கடையில் ஒரு காகிதத் துண்டில் தெளித்து நீட்டுகிறார்களே, அதில் நாம் முகர்வது மேல் அடுக்கை. பணம் கொடுப்பது அதற்கு. நாள் முழுக்கச் சுமப்பது கீழ் அடுக்கை. மணிக்கட்டில் ஒரு துளி வாங்கிக்கொண்டு வெளியே வந்து, சாயங்காலம் முகர்ந்து பார்த்துவிட்டு வாங்குகிறவர் மட்டுமே அந்தப் பாட்டிலில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வாங்குகிறார்.

தொலைக்காட்சிக் கடையிலும் இதே கதைதான். பளீர் வெளிச்சக் கூடத்தில் எடுபட வேண்டும் என்பதற்காகவே காட்சிப் பெட்டிகளில் தனி அமைப்பு ஒன்று உண்டு. வெளிச்சம் உச்சத்தில், நிறம் அடர்த்தியாக. வீட்டு அறையில் அதே அமைப்பில் விட்டால் மனித முகமெல்லாம் சாயம் பூசினாற்போல் இருக்கும். அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும் என்பதே தெரியாமல், கண் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே வருடக்கணக்கில் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

பல்புக்கு வருவோம். பழைய குண்டு பல்பு உள்ளே போகிற மின்சாரத்தில் ஏறத்தாழ 5 சதவீதத்தைத்தான் வெளிச்சமாக்கும். மிச்சமெல்லாம் சூடு. 1924-ல் ஜெனீவாவில் பெரிய பல்பு நிறுவனங்கள் கூடி ஃபீபஸ் என்ற கூட்டமைப்பை ஏற்படுத்தின. பல்பின் ஆயுள் 1,000 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்று அவர்களே விதி வகுத்து, அதிகம் உழைக்கிற பல்பைச் செய்த ஆலைக்கு அபராதமும் போட்டார்கள். நன்றாகச் செய்ததற்குத் தண்டனை! இந்த வரலாற்றைப் படித்தவர்களுக்கு எல்.ஈ.டி. பல்பு வந்தபோது எத்தனை நிம்மதி இருந்திருக்கும்! நீல எல்.ஈ.டி.யை உருவாக்கிய அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கொடுத்தது முழுக்கத் தகும்.

ஆனால் பெட்டியின் மேல் 25,000 மணி நேரம் என்று போட்ட பல்பு இரண்டே வருடத்தில் ஏன் போய்விடுகிறது? செத்துப்போன ஒரு பல்பைப் பிரித்துப் பாருங்கள். வெளிச்சம் தருகிற அந்தச் சின்ன மஞ்சள் சில்லுகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அடியில் இருக்கிற மின்சுற்றில் உருளையாக ஒரு கெபாசிட்டர், அதாவது மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கிவைக்கும் பாகம், இருக்கும். பல சமயம் அதன் தலை புடைத்திருக்கும். உள்ளே இருக்கிற திரவம் சூட்டில் உலர்ந்துபோனது. சூடு 10 டிகிரி ஏறினால் அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிவிடும். இதைத் தெரிந்துகொண்டால், காற்றுப் புகாத கண்ணாடிக் கூண்டுக்குள் எல்.ஈ.டி. பல்பை மாட்டி மூடிவைக்க மாட்டோம். அந்தக் கூண்டு குண்டு பல்பு காலத்து அலங்காரம். இந்தப் பல்புக்கு அது அடுப்பு.

நான்ஸ்டிக் வாணலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். 1938-ல் டூபாண்ட் என்ற அமெரிக்க ரசாயன நிறுவனத்தின் ஆய்வகத்தில் ராய் பிளங்கெட் என்ற இளம் வேதியியலர் குளிர்பதன வாயுக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஒரு சிலிண்டரைத் திறந்தால் வாயு வரவில்லை. எடையோ குறையவில்லை. ரம்பத்தால் அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே வெள்ளையாக, மெழுகு போன்ற ஒரு பொடி. எதுவும் அதில் ஒட்டவில்லை, அமிலமும் அதை அரிக்கவில்லை. டெஃப்லான் பிறந்தது அப்படித்தான். 1954-ல் மார்க் கிரெகுவார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் அதை அலுமினியப் பாத்திரத்தில் பிடிக்கவைக்க வழி கண்டார். எதிலுமே ஒட்டாத ஒன்றைப் பாத்திரத்தில் மட்டும் எப்படி ஒட்டவைப்பது? உலோகத்தை முதலில் சொரசொரப்பாக்கி, அந்தப் பள்ளங்களில் பூச்சைச் செலுத்திச் சூட்டில் இறுக்கினார்கள். பூச்சு நிற்பது அந்தப் பிடிமானத்தில்தான்.

அதனால்தான் அதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. குறைந்த எண்ணெய் போதும், கழுவ ஒரு நிமிடம் போதும், இதெல்லாம் மெய். ஆனால் இரும்புக் கரண்டி பட்டால், கம்பி நாரால் தேய்த்தால் அந்தப் பிடி நழுவத் தொடங்கும். 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் பூச்சு கெட ஆரம்பிக்கும். அதற்கும் மேலே போகப் போக வெளிவரும் புகை கூண்டில் வளர்க்கிற பறவைகளைக் கொல்லும் அளவுக்குக் கடுமையானது. காலி வாணலியை முழுத் தணலில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போனால், அந்தச் சூட்டை எட்டச் சில நிமிடங்களே போதும். மிதமான தணலில், மரக்கரண்டியோடு வாழ்ந்தால் அது நல்ல பாத்திரம். அதையும் மீறி, இது சில வருடங்களில் மாற்றியே ஆக வேண்டிய பாத்திரம் என்பதை வாங்கும்போதே ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல வார்ப்பிரும்புச் சட்டி கைமாறி அடுத்த தலைமுறைக்குப் போகிறது. அது கனம், துரு பிடிக்கும், பழக்க நாளாகும். முதல் நாள் அது தோற்கும், பத்தாம் வருடம் ஜெயிக்கும்.

வாணலியில் நான் சொன்ன மூன்றாம் வகைக் குணமும் உண்டு. அந்தப் பூச்சைத் தயாரிக்கப் பல பத்தாண்டுகளாக பி.எஃப்.ஓ.ஏ. என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தினார்கள். செய்து முடித்த பாத்திரத்தில் அது மிகச் சொற்பம். ஆலையைச் சுற்றியிருந்த ஊர்களின் குடிநீரில்தான் அது கலந்தது. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் ஆலை அருகே வாழ்ந்த மக்கள் நீதிமன்றம் போனார்கள். அதன் விளைவாக அமைந்த அறிவியல் குழு, சிறுநீரகப் புற்றுநோய் உள்பட ஆறு நோய்களுக்கு அதனோடு தொடர்பு இருக்கக்கூடும் என்று 2012-ல் அறிவித்தது. எளிதில் அழியாத நச்சுப்பொருள்களைத் தடுப்பதற்கான ஸ்டாக்ஹோம் சர்வதேச உடன்படிக்கையின் தடைப் பட்டியலிலும் 2019-ல் அது சேர்ந்தது. வாணலியை எத்தனை வருடம் உபயோகித்தாலும் இது நமக்குத் தெரியவராது. குறையை அனுபவித்தவர் வாங்கியவரே இல்லை, முகம் தெரியாத வேறொருவர். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

துணி துவைக்கும் இயந்திரத்தில் முன்பக்கக் கதவு உள்ளதைப் பலர் விரும்புகிறார்கள். தண்ணீர் குறைவு, துணி கிழிவது குறைவு. சரியான விருப்பம்தான். ஆனால் கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விலக்கிப் பாருங்கள். வழவழப்பான ஒரு படலம், அதன் மேல் கருப்புப் புள்ளிகள், ஒரு சாக்ஸ் நூல், சீப்பில் வருவது போல் முடி. குளிர்ந்த தண்ணீரும் அளவுக்கு மீறிய சோப்பும் சேர்ந்து விட்டுப்போன மிச்சத்தில் பூஞ்சை வளர்கிறது. துவைத்த துணியில் நாற்றம் என்று மேலும் சோப்பைக் கொட்டுவோம். பூஞ்சைக்கு மேலும் தீனி. சோப்பைக் குறைத்து, வளையத்தைத் துடைத்து, கதவைத் திறந்து வைத்து, அவ்வப்போது சூடான நீரில் காலி இயந்திரத்தை ஓட்டினால் நாற்றம் அடங்கிவிடும். இது பராமரிப்புக் குறை, நம் கையில் இருப்பது.

நம் கையில் இல்லாத குறை உள்ளே இருக்கிறது. தொட்டி உரசாமல் சுழல உதவுகிற, அதன் பின்னால் இருக்கிற பேரிங் தேய்ந்தால் விமானம் புறப்படுகிற மாதிரி சத்தம் வரும். பேரிங் சின்ன உருப்படி. ஆனால் பல இயந்திரங்களில் வெளித்தொட்டியின் இரு பாதிகளையும் பிரிக்க முடியாதபடி ஒட்டிவிடுகிறார்கள். பேரிங்குக்காகத் தொட்டி முழுவதையும் மாற்று என்கிறார்கள். கணக்குப் பார்த்து, மனசில்லாமல் புதிய இயந்திரம் வாங்குகிறோம். திருகாணி போட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒட்டியது யார் முடிவு? நம்முடையது அல்ல. ஆனால் வாங்கும்போது, தொட்டியைப் பிரிக்க முடியுமா என்று நாம் யாரும் கேட்பதும் இல்லை.

பாலியஸ்டர் சட்டையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுருங்காது, சீக்கிரம் காயும், சாயம் போகாது. அதே காரணத்தால் வியர்வையைக் குடிக்காது, உடம்பு எண்ணெயைப் பிடித்துவைத்துக்கொண்டு வாடை அடிக்கும், ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளை உதிர்க்கும். மழைக்கும் பயணத்துக்கும் நல்லது. வெயிலில் நாள் முழுக்க உடுத்த, பருத்திதான்.

கடைசியாக இயர்பட்ஸ். ஒயர் சிக்கல் இல்லை, ஓடினாலும் விழாது, பேருந்திலும் நல்ல இசை. உள்ளே பொத்தான் அளவு லித்தியம் அயான் பேட்டரி. எந்த லித்தியம் பேட்டரியும் ஏற்றி இறக்க ஏற்றி இறக்கத் தேயும். பெரிய பேட்டரியில் அது மெல்லத் தெரியும். இத்தனை சின்னதைத் தினமும் காலிசெய்தால் இரண்டு மூன்று வருடத்திலேயே பாட்டு பாதியில் நின்றுவிடும். பேட்டரியை மாற்றலாமா என்றால், உறை ஒட்டப்பட்டிருக்கிறது. ஒலிபெருக்கி நன்றாக இருக்கும், மைக் நன்றாக இருக்கும், எல்லாம் குப்பைக்குப் போகும். ஒயர் வைத்த பழைய இயர்போனில் தேய்ந்துபோகப் பேட்டரியே இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு நல்ல செய்தி உண்டு. பிரான்சில் 2021-ல், செல்போன், மடிக்கணினி போன்றவற்றின் விலைச்சீட்டுக்குப் பக்கத்திலேயே, பழுதுபார்ப்பது எத்தனை எளிது என்று பத்துக்கு இவ்வளவு என மதிப்பெண் போட வேண்டும் என்ற விதி வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் விற்கிற புதிய செல்போன்களின் பேட்டரி 800 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும். 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகளோடு, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும். கடையில் தெரியாத குணத்தைக் கடையிலேயே தெரியவைக்கிற வேலை இது. நெல்சனின் இரண்டாம் வகையை முதல் வகைக்கு நகர்த்துகிறார்கள். எல்லா நாட்டிலும் இப்படி வர வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை நமக்கு இருக்கிற ஒரே வழி, முன்னால் வாங்கி நாள்பட உபயோகித்தவரைக் கேட்பது. இணையத்தில் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறவர்களில் பலர், பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். மோகம் முப்பது நாள் என்பார்களே, அந்த முப்பது நாளுக்குள் எழுதியது அது. எனக்கு வேண்டியது மூன்றாம் வருடத்தில் எழுதுகிறவரின் வார்த்தை. விற்பவரிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இதில் முதலில் போகிற பாகம் எது, அது தனியாக எத்தனை வருடம் கிடைக்கும்? ஒரு பழுதுபார்ப்பவரை அறிந்திருந்தால் அவரிடம் இன்னும் நல்ல பதில் கிடைக்கும். செத்த பொருள்களை எல்லாம் பார்த்தவர் அவர்.

நான் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். இனி உங்கள் முறை. பத்து வருடத்துக்கு மேல் உழைக்கிற பொருள் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால், அது என்ன, எதை எதை மாற்றினீர்கள், எப்படிப் பராமரித்தீர்கள் என்று ஒவ்வொருவராக எழுந்து சொல்லுங்கள். குறித்துக்கொள்ள நானும் தாளோடு உட்காருகிறேன்.

வணக்கம்.