இலிசு அணைக்குப் பணம் கொடுத்தது யார்? மூன்று நாடுகள் பின்வாங்கிய கதை

[திரையில்: துருக்கியின் தென்கிழக்கு வரைபடம். டைக்ரிஸ் நதி, கீழே சிரியா, ஈராக் எல்லை.]

வணக்கம். குர்து மக்கள் அதிகம் வாழும் தென்கிழக்குத் துருக்கியில், டைக்ரிஸ் நதியின் குறுக்கே கட்டப்பட்டிருக்கிறது இலிசு அணை. 1,200 மெகாவாட் நீர்மின் நிலையம். நீர்த்தேக்கம் 1,000 கோடி கன மீட்டருக்கும் மேல் கொள்ளும். நம் கணக்கில் சொன்னால் 360 டி.எம்.சி.யைத் தாண்டும். மேட்டூரின் முழுக் கொள்ளளவே 93.47 டி.எம்.சி.தான்.

கட்டியது துருக்கி அரசு. ஆனால் அணையை எதிர்த்தவர்கள் லண்டன், பெர்லின், வியன்னா என்று கதவு கதவாகத் தட்டினார்கள். ஏன்? பணம் வந்த வழியைப் பார்த்தால் புரிந்துவிடும்.

[திரையில்: டர்பைன் நிறுவனம் → வங்கி → அணை. கீழே தனிக் கட்டமாக ‘அரசு உத்தரவாதம்’.]

ஐரோப்பிய நிறுவனம் ஒன்று டர்பைன் விற்கிறது. வாங்குபவருக்கு ஒரு வங்கி கடன் கொடுக்கிறது. கடன் திரும்பி வராவிட்டால்? அந்த நிறுவனத்தின் சொந்த நாட்டு அரசே ஈடு கட்டுவதாக உறுதி கொடுக்கும். இதுதான் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதம். இது இல்லாமல் இவ்வளவு பெரிய, சிக்கல் நிறைந்த திட்டத்துக்கு வங்கிகள் லேசில் பணம் இறக்காது.

ஆக, அபாயம் கடைசியில் யார் தலையில்? அந்த நாட்டில் வரி கட்டும் சாதாரண மக்கள் தலையில். டைக்ரிஸ் கரையில் வாழும் விவசாயிக்கு பெர்லினில் ஓட்டு கிடையாது. ஆனால் பெர்லினில் வரி கட்டுபவருக்கு உண்டு. ‘உங்கள் பெயரில் கொடுக்கும் உறுதியால் எங்கள் ஊர் மூழ்கப் போகிறது’ என்று அவரிடம் போய்ச் சொல்வது முழுக்க நியாயமான அரசியல் என்பது என் கருத்து. வெளியார் தலையீடு என்று அதை ஒதுக்குபவர்கள், வெளியார் பணத்தைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை.

[திரையில்: ஹசன்கெய்ஃப். பாறைக் குகைகள், ஆற்றின் நடுவே பழைய பாலத்தின் தூண்கள்.]

அப்படி என்ன மூழ்கியது? 199 ஊர்கள் முழுதாகவோ பகுதியாகவோ பாதிக்கப்படும் என்றும், 55,000 முதல் 80,000 பேர் வரை நிலமோ வீடோ இழப்பார்கள் என்றும் மதிப்பிட்டார்கள். அந்த ஊர்களில் ஒன்றுதான் ஹசன்கெய்ஃப். பல ஆயிரம் ஆண்டுகளாக மனிதர்கள் வாழ்ந்த இடம். சுண்ணாம்புப் பாறையில் ஆயிரக்கணக்கான குகை வீடுகள். கடந்த நூற்றாண்டின் பாதி தாண்டியும் அவற்றில் குடும்பங்கள் இருந்தன.

அங்கே 15ஆம் நூற்றாண்டில் கட்டிய, ஜெய்னெல் பே என்ற இளவரசரின் கல்லறை மண்டபம் ஒன்று இருந்தது. 2017 மே மாதம், சுமார் 1,100 டன் எடையுள்ள அதை அப்படியே தூக்கி, சக்கர வண்டியில் ஏற்றி, ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தார்கள். பொறியியல் சாதனைதான், மறுக்கவில்லை.

மனிதர்களை இடம் மாற்றியதில் அந்த அக்கறை இல்லை. இழப்பீடு பட்டா உள்ளவருக்குத்தான். அங்கே நிலம் பெரும்பாலும் பெரிய நிலக்கிழார்கள் கையில். உழுதவர் பலரிடம் எந்தக் காகிதமும் இல்லை. துருக்கி ராணுவத்துக்கும் குர்து ஆயுதக் குழுவுக்கும் 1990களில் நடந்த மோதலில் காலி செய்யப்பட்ட கிராமங்களின் மக்கள் ஏற்கெனவே நகரங்களில் சிதறிக் கிடந்தார்கள். மாற்று ஊராக எழுப்பிய புதிய ஹசன்கெய்ஃபில் கட்டிய வீட்டின் விலை, பழைய வீட்டுக்குக் கிடைத்த இழப்பீட்டைவிட அதிகம். சொந்த வீட்டில் இருந்தவர்கள் கடனாளியாகக் குடியேறினார்கள்.

[திரையில்: ஆண்டுகள் ஒவ்வொன்றாக – 2001, 2002, 2007, 2009.]

சரி, பணத்துக்கு வருவோம். அணைக்குப் பணம் திரட்டிய முதல் சுற்றில் பிரிட்டனின் பால்ஃபோர் பீட்டி என்ற கட்டுமான நிறுவனம் முன்னணியில் இருந்தது. எதிர்ப்பு வலுத்ததும், 2001 நவம்பரில் அதுவும் இத்தாலியின் கட்டுமான நிறுவனமான இம்ப்ரெஜிலோவும் விலகின. அடுத்த ஆண்டு சுவிஸ் வங்கி யூ.பி.எஸ். விலகியது. அணைத் திட்டம் நின்றுபோனது.

2007 மார்ச்சில் இரண்டாம் சுற்று. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து மூன்றும் உத்தரவாதம் கொடுத்தன, 153 நிபந்தனைகளோடு. மறுகுடியமர்வு, சுற்றுச்சூழல், தொல்பொருள், கீழே உள்ள நாடுகளுக்குப் போக வேண்டிய நீர் எல்லாம் அதில் அடக்கம். கண்காணிக்க ஒரு நிபுணர் குழுவும் போட்டார்கள். அந்தக் குழுவே, எழுதியதில் பெரும்பகுதி நடக்கவில்லை என்று அறிக்கை கொடுத்தது. 2008 டிசம்பரில் துருக்கிக்கு 180 நாள் கெடு. 2009 ஜூலையில் மூன்று நாடுகளும் ஒன்றாக வெளியேறின. சமூக, சுற்றுச்சூழல் காரணங்களுக்காக, கொடுத்த ஏற்றுமதி உத்தரவாதத்தை அரசுகள் திரும்பப் பெற்றது அதுவே முதல் முறை.

நர்மதை ஞாபகம் வரலாம். அந்த நதியின் குறுக்கே கட்டிய சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985இல் 45 கோடி டாலர் ஒதுக்கியது. 1992இல் மோர்ஸ் தலைமையிலான தனிக் குழு அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் குறை சொன்னது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்றது இந்திய அரசு. ஆனாலும் அணை எழுந்தது.

இலிசுவும் எழுந்தது. துருக்கி வங்கிகளான கரன்டியும் அக்பேங்கும் கடன் கொடுத்தன. ஆஸ்திரியாவின் ஆண்ட்ரிட்ஸ் நிறுவனம், உத்தரவாதம் போன பிறகும் டர்பைன் வேலையைத் தொடர்ந்தது. 2019 ஜூலையில் நீர் நிரப்பத் தொடங்கி, 2020 வசந்தத்துக்குள் பழைய ஹசன்கெய்ஃப் நீருக்கடியில் போனது. அதற்கு முன்பே 2018இல் ஒருமுறை நிரப்பத் தொடங்கியதுமே, கீழே ஈராக்கில், பாக்தாத்தில் ஆற்று நீர்மட்டம் சரிந்து, துருக்கி அதைத் தள்ளிவைக்க வேண்டிவந்தது.

‘கடன் கொடுத்தவர்கள் கூடவே இருந்திருந்தால் நிபந்தனைகளாவது மிஞ்சியிருக்கும்’ என்பார்கள் சிலர். அவர்கள் இருந்தபோதே அந்த 153உம் காகிதத்தில்தான் இருந்தன. விலகியது சரியான முடிவு. தப்பு, விலகியதோடு கைகழுவியதில். கரன்டி வங்கியின் மிகப் பெரிய பங்குதாரர் பின்னாளில் ஸ்பெயினின் பி.பி.வி.ஏ. வங்கி ஆனது. முன்வாசலில் வெளியேறிய ஐரோப்பியப் பணம் பக்கவாசல் வழியாக உள்ளே வந்தது போலத்தான். அடுத்த அணைக்கு யார் பணம் என்று தேடுபவர்கள், உள்ளூர் வங்கியின் பங்குதாரர் பட்டியலையும் எடுத்துப் பார்க்க வேண்டும்.