சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை

வணக்கம் நேயர்களே. இன்று தலைமுடிக் களிம்பு விற்றுப் பெரிய ஆளான கறுப்பினப் பெண் மேடம் சி.ஜே. வாக்கர் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். சுயமாகச் சம்பாதித்து அமெரிக்காவின் முதல் பெண் மில்லியனர் ஆனவர் என்பார்கள். இறந்தபோது சொத்து மில்லியன் டாலரைத் தொடவில்லை என்று கணக்குப் பார்த்தவர்களும் உண்டு. அது கிடக்கட்டும்.

இயற்பெயர் சாரா பிரீட்லவ். 1867-இல் லூசியானா மாநிலத்தின் பருத்திக் காட்டில் பிறந்தவர். அம்மா, அப்பா இருவரும் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமைத்தனம் ஒழிந்தபின் அந்த வீட்டில் பிறந்த முதல் பிள்ளை இவர். ஏழு வயதில் பெற்றோர் இல்லை, 14-இல் கல்யாணம், 20-இல் கணவரும் போய்விட்டார், கையில் ஒரு பெண் குழந்தை. அப்புறம் செயின்ட் லூயிஸ் நகரில் வருடக்கணக்காக ஊரார் துணியைத் துவைத்தார். ஒருநாள் தொட்டிமேல் குனிந்திருந்தவர், சோப்பு நுரையில் புதைந்திருந்த தன் கைகளைப் பார்த்து, வயதாகி முதுகு பிடித்துக்கொண்டால் மகளை யார் பார்ப்பார்கள் என்று தன்னையே கேட்டுக்கொண்டாராம்.

அந்தக் காலத்தில் ஏழை வீடுகளில் குழாய்த் தண்ணீர் ஏது? தலைக்குக் குளிப்பதே எப்போதாவதுதான். பொடுகும் புண்ணும் வந்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டும், சாராவுக்கும் கொட்டியது. முதலில் ஆனி மலோன் என்ற இன்னொரு கறுப்பினப் பெண் தொழிலதிபரின் சரக்கை விற்றார். 1906-இல் சார்லஸ் வாக்கரை மணந்து, அவர் பெயரோடு சொந்தக் களிம்பைக் கொண்டுவந்தார். களிம்பில் கந்தகம், அதில் புதுமை ஒன்றும் இல்லை. விற்ற விதத்தில்தான் கெட்டிக்காரத்தனம்: வீடு வீடாகப் போய்த் தலையில் தேய்த்துக் காட்டுவது, வாங்கும் பெண்ணுக்கே தொழிலைக் கற்றுக்கொடுத்து முகவராக்குவது. வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையையும் துணித்தொட்டியையும் விட்டால் வேறு வழியில்லாத ஆயிரக்கணக்கான பெண்கள் இப்படிச் சொந்தமாகச் சம்பாதித்தார்கள்.

1912-இல் சிகாகோவில் கறுப்பின வணிகர் மாநாடு. மாநாட்டை நடத்திய கறுப்பினத் தலைவர் புக்கர் டி. வாஷிங்டன் இவரைப் பேசக் கூப்பிடவே இல்லை. கடைசி நாள் தானாகவே எழுந்து, பருத்திக் காட்டிலிருந்து துணித்தொட்டிக்கும், அங்கிருந்து சமையலறைக்கும் உயர்ந்தேன், அதன்பின் என்னை நானே உயர்த்திக்கொண்டேன், சொந்த நிலத்தில் சொந்தத் தொழிற்சாலை கட்டியிருக்கிறேன் என்றார். அடுத்த வருட மாநாட்டில் அழைப்போடு பேசினார்!

கொடுப்பதை அவர் பணக்காரர் ஆனபின் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவில்லை. தொழிலோடு சேர்த்தே நடத்தினார். இண்டியானாபொலிஸில் கறுப்பினத்தவருக்கான ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்துக்கு 1,000 டாலர், கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொல்லும் கும்பல் கொலைகளுக்கு எதிரான நிதிக்கு 5,000 டாலர். 1919-இல் 51 வயதில் இறந்தபோது, நிறுவனத்தின் வருங்கால நிகர லாபத்தில் மூன்றில் இரண்டு பங்கை அறப்பணிக்கு எழுதி வைத்திருந்தார்.

எனக்குப் பிடித்தது 1917-இல் ஃபிலடெல்ஃபியாவில் கூட்டிய முகவர்கள் மாநாடுதான். அதிகம் விற்றவர்களுக்குப் பரிசு, சரி, எல்லா நிறுவனமும் செய்வதுதான். இங்கே தங்கள் ஊரில் தருமத்துக்கு அதிகம் கொடுத்தவர்களுக்கும் பரிசு. தலைமுடிக் களிம்பு விற்கும் அந்தப் பெண்கள் எல்லாம் சேர்ந்து, கும்பல் கொலைகளைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தியும் அடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்கள்.