40 கோடி டாலர் கட்டவே இல்ல! திவால் கோர்ட்டுல மெடிகேர் மோசடிப் பணம் என்னாகுது?

வணக்கம் மக்களே! இன்னைக்கு எடுத்த எடுப்புலயே கோவமாத்தான் பேசப்போறேன். மெடிகேர், அதாவது வயசானவங்களுக்கு அமெரிக்க அரசு நடத்துற மருத்துவக் காப்பீடு, அது மாதிரி அரசுத் திட்டங்களுக்குப் பொய் பில் போட்டதா வந்த வழக்குல, ரைட் எய்ட் மருந்துக்கடைக்காரங்க அமெரிக்க அரசுக்கு 40 கோடி டாலர் கட்டிட்டாங்கன்னு ஒரு ஷார்ட்ஸ் சுத்திக்கிட்டே இருக்கு. கட்டலீங்க! 2024 ஜூலை ஒப்பந்தத்துல ரொக்கம் வெறும் 75 லட்சம் டாலர். மீதி 40 கோடியே 18 லட்சம், 'அன்செக்யூர்ட் க்ளெய்ம்', அடமானம் இல்லாத பாக்கி. அதாவது திவால் கோர்ட்டு வரிசையில நிக்க ஒரு டோக்கன். சொத்தை அடமானம் வாங்கிக்கிட்டு கடன் குடுத்தவங்களுக்கு அந்த சொத்துல முதல் உரிமை. அப்புறம் திவால் நடத்துற வக்கீல் ஃபீஸ், மத்த செலவு. மிச்சம் மீதி இருந்தாத்தான் டோக்கன்காரங்க எல்லாரும் விகிதப்படி பிரிச்சுக்கணும். 75 லட்சம் எங்க, 40 கோடி எங்க! தலைப்பு வெக்கிறவங்க ஒப்பந்தத்துல ஒரு பத்தி படிச்சா போதுமே?

அப்ப அரசாங்க வக்கீல் கோட்டை விட்டுட்டாரான்னு கேப்பீங்க. இல்ல. அவரோட வேலையே கம்பெனி மஞ்சக் கடுதாசி குடுத்தப்புறம்தான் சூடு பிடிக்குது. ஃபென்டனைல்ங்கிற வீரியமான வலி மருந்தை ஸ்ப்ரேயா வித்த இன்சிஸ் கம்பெனி 2019 ஜூன் 5 அன்னிக்கு 22.5 கோடி டாலர் சமரசத்துக்கு ஒத்துக்கிச்சு. ஜூன் 10, திவால் மனு. அஞ்சே நாள்!

மனு போட்ட நிமிஷமே 'ஆட்டோமேட்டிக் ஸ்டே' வந்துரும், வசூல் எல்லாம் நிக்கும். ஆனா அமெரிக்க திவால் சட்டத்துல 362(பி)(4)னு ஒரு விலக்கு இருக்கு. எனக்கு ரொம்பப் புடிச்ச பிரிவு இது. அரசு தன்னோட ஒழுங்குமுறை அதிகாரத்துல நடத்துற மோசடி வழக்கு ஓடலாம், தொகை எவ்வளவுன்னு தீர்ப்பும் வாங்கலாம். அந்தப் பணத்தை வசூலிக்க மட்டும் திவால் கோர்ட்டுக்குத்தான் வரணும்.

அடுத்து ப்ரூஃப் ஆஃப் க்ளெய்ம், ஃபார்ம் 410. 'எனக்கு இவ்வளவு பாக்கி'ன்னு திவால் கோர்ட்டுல குடுக்குற படிவம். அரசுக்குப் பொய் பில் போடுறவங்களைப் பிடிக்கிற ஃபால்ஸ் க்ளெய்ம்ஸ் ஆக்ட்ல நஷ்டத்துக்கு மூணு மடங்கு, மேல ஒவ்வொரு பொய் பில்லுக்கும் தனி அபராதம். 200 டாலர் பில்லு ஆயிரம்னு வைங்க. நஷ்டம் 2 லட்சம், மூணு மடங்கு 6 லட்சம். அபராதம் 2024 கணக்குல குறைஞ்சபட்சம் பில்லுக்கு 13,946 டாலர். அது மட்டுமே 1 கோடியே 39 லட்சத்தைத் தாண்டிரும்! இதை ஒரே தொகையா எழுதிறக்கூடாது. நஷ்டம் தனி, அபராதம் தனின்னு பிரிச்சுக் காட்டணும். ஏன்னா சாப்டர் 7ல, அதாவது சொத்தை வித்துக் கடனைப் பிரிச்சுக் குடுக்குற திவால்ல, வெறும் அபராதம் சாதாரணக் கடனுக்கும் பின்னாடிதான் நிக்கும்.

இப்ப கெடு. இதுலதான் ஆளுங்க விழுறாங்க. ஃபார்ம் 410க்கு அரசுக்கு 180 நாள். அதை நம்பி உக்காந்துட்டா போச்சு. மோசடி பண்ண டாக்டர் தனிநபரா திவால் ஆனா, 'இந்தக் கடனைத் தள்ளுபடி பண்ணாதீங்க'ன்னு தனி வழக்கு போடணும். விதி 4007(சி)படி அதுக்கு வெறும் 60 நாள். எதுலேர்ந்து? கடன் குடுத்தவங்க கூட்டம் நடந்த தேதியிலேர்ந்து இல்ல, அதுக்கு முதல்முதலா குறிச்ச தேதியிலேர்ந்து! கூட்டத்தை மூணு தடவ தள்ளி வெச்சாலும் கெடு ஒரு நாள் கூட நகராது. கூடுதல் அவகாசம் வேணும்னா அந்த 60 நாளுக்குள்ளயே மனு போட்டாகணும். 61ஆவது நாள் எவ்வளவு நல்ல ஆதாரம் கையில இருந்தும் பிரயோஜனம் இல்ல. கோடிக்கணக்கான மக்கள் பணம் ஒரு காலண்டர் கணக்குல போயிரும். அதனால தேதி குறிச்ச நோட்டீஸ் வந்த அன்னிக்கே எண்ணி எழுதி வெச்சுரணும்.

ஆங், ஒண்ணு விட்டுட்டேன். அரசுக்குக் கட்டுற வெறும் அபராதம் திவால் சட்டத்தோட 523(ஏ)(7)ல வரும், தானாவே தள்ளுபடி ஆகாது, அதுக்கு இந்த 60 நாள் கெடு கிடையாது. நஷ்டத் தொகைக்குத்தான் பயம். கெடுவுக்குள்ள வழக்கு போட்டு மோசடியை நிரூபிச்சுட்டா, மூணு மடங்கும் சேர்த்தே தப்பிக்க முடியாத கடன் ஆயிரும். 1998ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரு வாடகை மோசடி வழக்குல வெச்ச சட்டம் அது. கம்பெனின்னா சாப்டர் 11ல, அதாவது கம்பெனியை சீரமைக்கிற திவால்ல, 1141(டி)(6) அரசோட பாக்கியை அதே மாதிரி காப்பாத்தும். கம்பெனி கடையையே மூடிட்டா அதுவும் ஏட்டுச் சுரைக்காய்தான்.

ஆஸ்பத்திரியை ஏலம் விடும்போது இன்னொரு சண்டை. வாங்குறவருக்கு மெடிகேர் ஒப்பந்தம், அதாவது மெடிகேருக்கு பில் போடுற உரிமை, வேணும், பழைய பாக்கி வேணாம். அரசு வக்கீல் உடனே ஆட்சேபனை போடுவாரு: ஒப்பந்தம் வேணும்னா அதோட வர்ற பாக்கியையும் ஏத்துக்கோ. சொல்லப்போனா நிறைய வழக்குல பணம் திரும்பி வர்ற வழியே இதுதான். கட்டடம், மெஷின் எல்லாம் பேங்க் கையில மாட்டியிருக்கும். மெடிகேர் ஒப்பந்தம் இல்லாம ஆஸ்பத்திரி ஓடாது, அதனால வாங்குறவரு பேச்சுவார்த்தைக்கு வந்தே ஆகணும்.

அடுத்த தடவ இப்படி ஒரு பெரிய தொகை பாத்தா, அமெரிக்க ஜஸ்டிஸ் டிபார்ட்மென்ட் அறிக்கையில 'அன்செக்யூர்ட் க்ளெய்ம்'ங்கிற வார்த்தை இருக்கான்னு தேடுங்க. பெரிய சாப்டர் 11 வழக்குல க்ளெய்ம் பட்டியலை நிர்வாக ஏஜென்ட் வெப்சைட்லயே காசு இல்லாம பாக்கலாம். அங்க அரசோட பேரைத் தேடி, தொகை எந்த வகையில பதிவாகியிருக்குன்னு பாருங்க.