தெல்மா ஸ்கூன்மேக்கரும் நாம் தொலைத்துவரும் படச்சுருள்களும்

(நகரத் திரைப்படக் கழகத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, இந்த அரங்கை வாடகையின்றித் தந்துதவிய கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, அலுவல்களுக்கிடையே வருகை தந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வரவேற்புரை நல்கிய செயலாளர் அவர்களே, பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். கழகம் தொடங்கிய நாளில் தம் சொந்தப் பணத்தில் புரொஜெக்டர் வாங்கித் தந்தவர் நம் தலைவர். அந்த நன்றியை இந்த மேடையில் சொல்லாமல் மேலே செல்வது முறையாகாது.

படத்தொகுப்பிற்காக மூன்று முறை ஆஸ்கர் பெற்ற தெல்மா ஸ்கூன்மேக்கரின் வாழ்க்கை, அவருடைய தொழில்நுட்பம், திரையுலகில் பெண் தொகுப்பாளர்களுக்குரிய இடம் ஆகிய மூன்றையும் பற்றிப் பேச விழைகிறேன்.

1940 ஜனவரி 3 அன்று அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரில் பிறந்தவர் அவர். தந்தை எண்ணெய் நிறுவன ஊழியர் என்பதால் கரீபியன் கடலிலுள்ள அரூபா தீவில் வளர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் அரசியலும் ரஷ்ய மொழியும் படித்த அந்தப் பெண்ணுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று, தூதரகப் பணி. அமெரிக்க வெளியுறவுத் துறையின் தேர்வுகளை எழுதி நேர்காணல் வரை சென்றார். தென்னாப்பிரிக்காவில் பணியமர்த்தினால் அங்குள்ள நிறவெறிக் கொள்கை குறித்து என்ன சொல்வீர்கள் என்ற பேச்சு எழுந்தபோது, அதை எதிர்ப்பேன் என்று மறைக்காமல் சொன்னார். இவர் இந்தப் பணிக்கு ஏற்றவரல்லர் என்று அனுப்பிவிட்டார்கள். நெஞ்சறிந்ததை நேர்முகத் தேர்வில் சொன்னதற்காக ஒரு வேலை போயிற்று. அந்த மறுப்புதான் திரையுலகுக்கு ஒரு மேதையைத் தந்தது என்பதை இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்கள் மனத்தில் வைக்க வேண்டும்.

நியூயார்க்கில் அவர், உதவிப் படத்தொகுப்பாளர் தேவை, பயிற்சி அளிக்கப்படும் என்ற நாளிதழ் விளம்பரம் ஒன்றைக் கண்டு போய்ச் சேர்ந்தார். அங்கே நடந்த வேலை என்ன தெரியுமா? ஐரோப்பாவின் தலைசிறந்த இயக்குநர்கள் எடுத்த படங்களைத் தொலைக்காட்சியின் நேர அளவுக்குள் அடக்குவதற்காக ஈவிரக்கமின்றி வெட்டிக் குறைப்பது! கதை எங்கே அறுபடுகிறது, பாத்திரம் எங்கே காணாமற்போகிறது என்ற கவலை அங்கே எவருக்கும் இல்லை. கடிகாரம் சொன்னால் கத்தரி விழும். அவருக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. ஆயினும் கத்தரியைப் பிடிக்கும் முறையை அங்கேதான் கற்றார். பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஆறு வாரக் கோடைப் பயிற்சியில் சேர்ந்தார். அங்கே ஒரு மாணவருடைய படத்தின் நெகடிவை, அதாவது பிரதிகள் எடுப்பதற்கான மூலச் சுருளை, யாரோ தவறாக வெட்டிவிட்டார்கள். நெகடிவில் விழுந்த வெட்டு எளிதில் திரும்பப் பெற முடியாதது என்பதைத் தொழிலறிந்தவர்கள் உணர்வார்கள். பேராசிரியர் சுற்றிலும் பார்த்துவிட்டு, உதவச் சொல்லித் தெல்மாவை அழைத்தார். தவித்து நின்ற அந்த மாணவர்தான் பின்னாளில் பெரும்புகழ் பெற்ற அமெரிக்க இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செஸி. படத்தை வெட்டிச் சிதைக்கும் இடத்தில் தொழில் பழகிய கை, சிதைந்த படத்தை மீட்பதற்காக அவர் பக்கத்தில் வந்து அமர்ந்தது. அறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கூட்டணி நிலைத்திருக்கிறது.

1970-இல் வெளிவந்த 'உட்ஸ்டாக்' இசைவிழா ஆவணப்படத்தில், பல கேமராக்கள் எடுத்த காட்சிகளைத் திரையைப் பிரித்து அருகருகே ஓடவிட்ட அவருடைய தொகுப்பிற்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அப்படியிருந்தும் தொழிற்சங்க உறுப்பினர் அட்டை இல்லாததால், பெரிய ஸ்டுடியோப் படங்களில் பணிபுரிய அவருக்கு வழியில்லாமல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. அந்தத் தடை நீங்கிய பின் வந்ததுதான் ஸ்கார்செஸி இயக்கிய 1980-இன் குத்துச்சண்டைப் படம் 'ரேஜிங் புல்'. ஸ்கார்செஸியின் வீட்டிலேயே இரவு இரவாக அமர்ந்து தொகுத்தார்கள். குத்துச்சண்டைக் காட்சியில் ஒரு குத்து விழும் நொடியில் கேமரா விளக்கின் பளிச்சொளி மின்னும்; அடுத்த துண்டில் வேகம் குறையும்; ஓசை சட்டென்று அடங்கும்; மீண்டும் இரைச்சல் பாயும். அதற்குக் கிடைத்த ஆஸ்கர் உண்மையில் இயக்குநருக்கே உரியது என்று அவர் சொன்னார். 'தி ஏவியேட்டர்', 'தி டிபார்ட்டட்' ஆகியவற்றுக்கும் அவ்விருது வந்தது. 2023-இல் வந்த 'கில்லர்ஸ் ஆஃப் தி ஃப்ளவர் மூன்' வரை ஒன்பது பரிந்துரைகள். படத்தொகுப்பில் வேறெவருக்கும் அத்தனை இல்லை.

விருதுகளை இத்துடன் நிறுத்துகிறேன். நான் வணங்குவது அவருடைய இன்னொரு பணியை. 1984-இல் அவர் மணந்த ஆங்கில இயக்குநர் மைக்கேல் பவல் 1990-இல் மறைந்தார். பவலும் அவருடைய கூட்டாளி எமெரிக் பிரஸ்பர்கரும் 1948-இல் தந்த 'தி ரெட் ஷூஸ்' படத்தின் நெகடிவைப் பின்னாளில் பரிசோதித்தபோது ஒவ்வொரு சுருளிலும் பூஞ்சை படர்ந்திருந்தது. டெக்னிகலர் என்ற அக்கால வண்ணப்பட முறையில் ஒரே காட்சி மூன்று நெகடிவ்களில் பதிவாகும். அவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் சுருங்கிப்போனதால், மூன்றையும் சேர்த்தால் உருவங்களின் ஓரத்தில் வண்ணம் பிசிறியது. தெல்மாவும் ஸ்கார்செஸியும் துணைநின்று அதை மீட்டு, 2009-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு என்று நம் பாட்டிமார்கள் கேட்பார்களே, அந்தக் கேள்வியை உரிய நேரத்தில் கேட்டுக்கொண்டவர்கள் அவர்கள்.

அதே 1948-இல், நம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் நடனக் கலைஞர் உதயசங்கர் எடுத்த 'கல்பனா' வெளிவந்தது. அதையும் மீட்டெடுத்தது ஸ்கார்செஸி தொடங்கிய அமைப்புதான். நம் மண்ணில் எடுத்த படத்தை வெளிநாட்டார் காப்பாற்றித் தந்தார்கள் என்பதை எண்ணி எனக்கு மகிழ்ச்சியும் வருத்தமும் ஒருங்கே உண்டாகின்றன. தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' இன்று இல்லை. தமிழின் முதல் பேசும் படமான 1931-இன் 'காளிதாஸ்' இல்லை. பழைய சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுக்க அவற்றை எடைக்குப் போட்ட காலமும் உண்டு. பழைய திரையரங்கு ஒன்றின் பின்கட்டில் தகரப் பெட்டியொன்றைத் திறந்தபோது எழுந்த புளித்த காடி நெடியை நானே முகர்ந்திருக்கிறேன். அந்த நெடி வந்தால், அசிடேட் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் தன்னைத்தானே அரிக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். நம் கடற்கரை வெக்கையும் ஈரமும் அதை விரைவுபடுத்தும். இன்னும் எத்தனை பெட்டிகள் இப்படிக் கிடக்கின்றனவோ! கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து யாருக்குப் பயன்?

புனேயில் 1964 முதல் தேசியத் திரைப்படக் காப்பகம் இயங்குகிறது. அதை மதிக்கிறேன். ஆனால் இத்தனை படங்கள் எடுத்த தமிழ்நாட்டுக்கு, குளிரும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தப்பட்ட தனிக் காப்பகம் வேண்டும் என்று நம் கழகம் கேட்பதில் பிழையில்லை. நகர்மன்றத் தலைவர் அவர்கள் இந்தக் கோரிக்கையை அரசின் பார்வைக்குக் கொண்டுசெல்ல வேண்டுமென இம்மேடையிலேயே வேண்டிக்கொள்கிறேன். பெண் தொகுப்பாளர்கள் பற்றிய பகுதிக்கு நேரம் இடம் தரவில்லை. தலைவர் அவர்கள் மணியைப் பார்க்கிறார்கள். கோரிக்கை மனு வாயிலருகே மேசைமேல் இருக்கிறது. வீட்டில் பழைய சுருளோ, பாட்டுப் புத்தகமோ, விளம்பரத் தாளோ வைத்திருப்பவர்கள் மனுவில் கையெழுத்திடுவதோடு, அதன் கீழுள்ள பதிவேட்டில் விவரத்தையும் எழுதிச் செல்லுங்கள். நன்றி, வணக்கம்.