கயிறு யார் கையில்?

நடுவர் அவர்களே, எதிரணி அண்ணன்மார்களே, விடியற்காலையிலிருந்து பாசி எடுத்துவிட்டு வந்து, விரலில் சுற்றிய துணியைக்கூட இன்னும் அவிழ்க்காமல் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

'மாபெரும் கலைஞன் தன்னைச் சுற்றியிருந்தவர்களுக்குச் செய்த துரோகத்தை அவன் கலைக்காக மன்னிக்கலாமா?' இதுதான் தலைப்பு. மன்னிக்கலாம் என்ற எதிரணித் தலைவர், சாட்சிக்கு ஓவியர் பிக்காசோவைப் பாம்பனுக்கே அழைத்து வந்துவிட்டார். வந்த விருந்தாளியை வெறுங்கையோடு அனுப்புவது நம் ஊர் வழக்கமில்லை. ஆகவே நானும் அவரைப் பற்றியே பேசுகிறேன்.

'உறுத்தல் இல்லாமல் முத்து இல்லை' என்று அண்ணன் சொன்னபோது பந்தலே கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, சிப்பி தன் உடம்புக்குள் புகுந்த உறுத்தலைத்தானே முத்தாக்குகிறது? பக்கத்துச் சிப்பியின் வாயைப் பிளந்து மணலைப் போடுகிற சிப்பியை இந்த மன்னார் வளைகுடாவில் யாராவது பார்த்ததுண்டா?

1901 பிப்ரவரி. பாரிசில் ஓர் உணவகம். பிக்காசோவின் உயிர்த்தோழன் கசஜெமாஸ், தன் காதலை ஏற்காத ஜெர்மேன் என்ற பெண்ணை நோக்கிச் சுட்டான். குறி தப்பியது. அடுத்த குண்டில் தன்னையே மாய்த்துக்கொண்டான். வயது இருபது. அப்போது பிக்காசோ ஸ்பெயினில் இருந்தார். சில மாதங்களில் பாரிசுக்கு வந்தவர், செத்த நண்பன் இருந்த இடத்திலேயே குடியேறினார். அந்த ஜெர்மேனோடேயே உறவும் கொண்டார். அதே ஆண்டில் நண்பனின் பிண முகத்தையும் வரைந்தார். தலைமாட்டில் பெரிய மெழுகுவர்த்தி எரிகிறது. நெற்றிப்பொட்டில் குண்டு துளைத்த இடம் கருத்துக் கிடக்கிறது. அந்தப் பிணத்தை அவர் நேரில் பார்த்ததே இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். 1903-ல் 'வாழ்வு' என்று பெயர் பெற்ற பெரிய ஓவியத்தை வரைந்தார். அதில் ஒரு பெண்ணோடு நிற்கும் ஆணுக்குக் கசஜெமாஸின் முகம். பிற்காலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அடியில் இருந்தது பிக்காசோவின் முகம்! முதலில் தன்னை வரைந்திருக்கிறார். பிறகு தன்மேல் நண்பனைப் பூசியிருக்கிறார். அந்தத் துக்கம் வேஷம் என்று நான் சொல்ல மாட்டேன். கசஜெமாஸை நினைத்துத்தான் நீலத்தில் வரையத் தொடங்கினேன் என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். துக்கமும் உண்மை, துரோகமும் உண்மை. ஆனால் குண்டுக்குத் தப்பிய ஜெர்மேனின் அச்சத்தை எந்த அருங்காட்சியகத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று அண்ணன் சொல்லட்டும்.

அடுத்து மேக்ஸ் ஜேக்கப் என்ற கவிஞர். பாரிசில் பிக்காசோ சோற்றுக்கு அலைந்த நாளில் இருவருக்கும் ஓர் அறை, ஒரே கட்டில். பகலில் மேக்ஸ் கடை வேலைக்குப் போவார், இவர் தூங்குவார். இரவில் மேக்ஸ் தூங்குவார், இவர் விழித்திருந்து வரைவார். யூதரான மேக்ஸ் 1915-ல் ஞானஸ்நானம் பெற்றபோது ஞானத்தகப்பனாக நின்றவர் பிக்காசோ. ஞானத்தகப்பன் என்றால் என்ன பொறுப்பு என்று இந்தக் கடற்கரையில் நான் விளக்க வேண்டியதில்லை. 1944 பிப்ரவரியில் நாஜிகள் மேக்ஸைப் பிடித்துப் போனார்கள். நண்பர்கள் விடுதலை கேட்டு மனு எழுதினார்கள். அதில் பிக்காசோவின் கையெழுத்து இல்லை என்றே சொல்லப்படுகிறது. மார்ச் 5-ஆம் தேதி மேக்ஸ் முகாமிலேயே இறந்தார்.

'பாரிஸ் எதிரியின் கையில் இருந்தது, கையெழுத்துப் போட்டால் அவர் தலையும் போயிருக்கும்' என்று எதிரணி சொல்லும். ஒப்புக்கொள்கிறேன். பயந்தவனைப் பழிக்க எனக்கு மனமில்லை. இயேசுவின் சீடரான நம் இராயப்பரும் சேவல் கூவுவதற்குள் தன் குருவை மூன்று முறை மறுதலித்தவர்தான். ஆனால் அவர் வெளியே போய் மனங்கசந்து அழுதார். அழுத பிறகு திரும்பி வந்தார்.

பெண்களின் கதையை விரித்தால் நடுவர் மணியடித்துவிடுவார். பிக்காசோவின் 'குவெர்னிகா' ஓவியம் நாளுக்கு நாள் வளர்வதைப் படம் பிடித்தவர் அவருடைய காதலி டோரா மார். பிக்காசோ வரைந்த டோராவின் அழுத முகம் உலகப் புகழ் பெற்றது, அவருக்குக் கிடைத்தது மனநோய் சிகிச்சை. நாற்பத்தைந்து வயதில் பிக்காசோ சந்தித்தபோது இன்னொரு காதலி மேரி தெரேசுக்கு வயது பதினேழு. 1977-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி ஜாக்லின் 1986-ல் அதே முடிவைத் தேடிக்கொண்டார். விட்டுப் போகத் துணிந்தவர் பிரான்சுவாஸ் ஜீலோ. தனுஷ்கோடியைப் புயல் தின்ற அதே 1964-ல் பிக்காசோவோடு வாழ்ந்த வாழ்க்கையைப் புத்தகமாக்கினார். பிக்காசோ வழக்குப் போட்டார், தோற்றார். அந்தக் கோபத்தைத் தன் பிள்ளைகள் இருவர்மீது காட்டி, அவர்களைப் பார்க்கவே மறுத்தார். ஜீலோ தானும் ஓவியர். வரைந்துகொண்டே நூற்றொரு வயது வரை வாழ்ந்தார். அவர் ஓவியத்துக்கு யாரும் பலியானதாக நான் படித்ததில்லை.

ஓவியங்களைக் கிழிக்கச் சொல்லவில்லை அண்ணா. மாட்டி வையுங்கள், நானும் டிக்கெட் வாங்கி வந்து பார்க்கிறேன். ஆனால் கசஜெமாஸுக்கும் மேக்ஸுக்கும் சேர வேண்டிய கடனைத் தள்ளுபடி செய்ய, பாம்பன் பந்தலில் உட்கார்ந்திருக்கும் நாம் யார்?

முத்துக் குளிக்கிறவன் கடலுக்குள் இறங்கும்போது கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இழுக்கத் தவறினால் தாலி அறுப்பவள் அவன் கூடப்பிறந்தவள் அல்லவா? எதிரணித் தலைவரின் மைத்துனர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். அண்ணன் பதில் சொல்ல மேடைக்கு வரும்போது ஒன்றை மட்டும் சொல்லட்டும்: நாளைக் காலை கடலில் இறங்குவதானால், கயிற்றை அவரிடம் கொடுப்பீர்களா, பிக்காசோவிடம் கொடுப்பீர்களா? மணியடித்துவிட்டது, நடுவர் அவர்களே. அமர்கிறேன்.