கள்ளு முட்டியும் பீரங்கிக் குண்டும்

வணக்கம் நேயர்களே.

இராணுவ வழங்கல் என்றதும் யாழ்ப்பாணத்துக் காதுகளுக்கு வேறு நினைவுதான் வரும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில், ஜாம் போத்தல் விளக்கில் சொட்டு மண்ணெண்ணெய் விட்டுப் படித்தவர்கள் பலர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். பாதை அடைபட்டால் என்னவாகும் என்று நமக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. வல்லரசுப் படைகளுக்கும் அதே பயம் உண்டு. அந்தப் பயம் அவர்களை நுண்ணுயிர்களிடம் கொண்டுபோய் விட்ட கதையைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் உலகப் போரில் பிரித்தானியாவின் கோர்டைட் வெடிமருந்தைச் செய்ய அசற்றோன் என்ற கரைப்பான் தேவைப்பட்டது. மரத்தை மூடிச் சுட்டு வடித்தெடுக்கும் சரக்கு அது. பெரும்பகுதி கடல் கடந்தே வந்தது. 1915இல் குண்டுத் தட்டுப்பாடு. மான்செஸ்டரில் இருந்த இரசாயனவியலாளர் கைம் வைஸ்மான், பின்னாளில் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி, மாப்பொருளைத் தின்று அசற்றோன் தரும் பற்றீரியா ஒன்றைக் கையில் வைத்திருந்தார். நம் கள்ளு முட்டிக்குள் நடப்பதும் இதற்கு ஒன்றுவிட்ட சகோதரம்தான். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள்ளு. சுண்ணாம்பு உள்ளே இருக்கும் நுண்ணுயிரை வேலை செய்யவிடாது. எந்த உயிர் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்துத்தான் சரக்கு.

இப்போது அந்த உயிரின் மரபணுவையே மாற்றி எழுதுகிறார்கள். மருந்து, எரிபொருள், வெடிமருந்து ஆகியவற்றின் மூலப்பொருள்களுக்கு ஒரு சில நாடுகளை, குறிப்பாகச் சீனாவை, நம்பியிருப்பது அமெரிக்கப் படைத்தரப்பை உறுத்துகிறது. 2020இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், நுண்ணுயிர் போன்றவற்றைக் கொண்டு பொருள் செய்யும் தொழிலை வளர்க்கும் பயோமேட் என்ற அமைப்புக்கு ஏழு ஆண்டுகளில் 87 மில்லியன் டொலர் தருவதாக அறிவித்தது.

ஆய்வுகூடக் குடுவையில் எதுவும் அழகாக நொதிக்கும். அதையே ஒரு இலட்சம் லீற்றர் தாங்கியில் ஊற்றிப் பாருங்கள். நடுவில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒட்சிசன் எளிதில் எட்டாது. அவை வெளிவிடும் வெப்பத்தைத் தணிக்கவே தனி ஏற்பாடு வேண்டும். வெளியிலிருந்து வேறொரு கிருமி நுழைந்தால் முழுத் தாங்கியும் சாக்கடைக்குத்தான். பணத்தின் பெரும்பகுதியைக் குடுவைக்கும் தாங்கிக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளி விழுங்கிவிடும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று: தாங்கிக்கும் தீனி வேண்டும். எண்ணெய்க் கிணற்றை விட்டுவிட்டுச் சீனிக்கும் சோளத்துக்கும் போனால், கப்பல் பாதையின் இடத்தில் வயல் வந்து நிற்கும். வைஸ்மானின் பற்றீரியாவுக்குச் சோளம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஜேர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்கவே, 1917இல் சோளத்துக்குப் பதிலாகக் குதிரைக் கஷ்கொட்டை என்ற மரத்தின் கொட்டைகளைப் பொறுக்கப் பிரித்தானியப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பினார்கள். எதற்கென்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அவர்கள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து குவித்தார்கள். ஏற்றிச் செல்ல வாகனம் போதாமல், ரயில் நிலையங்களிலேயே ஒரு பங்கு அழுகிப்போனது.